முகவரி தராத சர்வரை அணைத்துப் போடாதீர்கள்

தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சி, கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகம், மதுரை பைபாஸ் ஓரத்துக் கன்டெய்னர் யார்டு என்று எங்கே போனாலும் ஒரு கருத்து அசைக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறது. கம்ப்யூட்டருக்கு ஐபி வரவில்லையா? சர்வரை அணைத்துப் போடு. அப்போதும் வரவில்லையா? கையாலேயே ஒரு ஐபி போட்டுவிடு. டி.எச்.சி.பி.யை நம்ப முடியாது, ஸ்டாட்டிக்தான் நிலையானது. முதலாளி இதைச் சொல்கிறார், மேனேஜர் சொல்கிறார், ஏ.எம்.சி. எடுத்திருக்கும் கடைக்காரரும் சொல்கிறார். பையைத் தூக்கிக்கொண்டு பழுது பார்க்க வரும் தம்பிக்கும் இதைத்தான் முதல் பாடமாகக் கற்றுக்கொடுத்து அனுப்புகிறார்கள்.

இந்தக் கருத்து தவறு. எந்தப் பழுதைத் தீர்ப்பதாகச் சொல்லிக்கொள்கிறதோ அந்தப் பழுதை வளர்ப்பதே இந்த வழக்கம்தான். அதை விளக்கத்தான் எழுதுகிறேன்.

அவசரம் பொய்யில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். வ.உ.சி. துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1999இல் இங்கே தனி கன்டெய்னர் முனையம் வந்தது. இங்கிருந்து ஏறும் பெட்டிகளில் பெரும்பங்கு கொழும்புக்குப் போய், அங்கே தாய்க்கப்பலுக்கு மாறுகிறது. ஷிப்பிங் பில் இணையத்தில் ஏற வேண்டும். 2016 ஜூலை 1 முதல், எடை உறுதி செய்யப்படாத பெட்டியைக் கப்பலில் ஏற்ற முடியாது. ஆகவே எடைமேடைக் கம்ப்யூட்டரிலிருந்து சீட்டு வர வேண்டும். கேட்டில் லாரியின் விவரம் பதிவாக வேண்டும். கட்-ஆஃப் நேரத்துக்குள் இவையெல்லாம் முடியாவிட்டால் பெட்டி அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கும்; கொழும்பில் பிடிக்க வேண்டிய தாய்க்கப்பலும் போய்விடும். 2017 ஜூனில் மேர்ஸ்க் நிறுவனத்தை ஒரு வைரஸ் தாக்கியபோது மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு முனையமே தடுமாறி நின்றது. துறைமுக வேலை நெட்வொர்க்கில் எவ்வளவு தொங்குகிறது என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் இந்த 'அணைத்துப் போடு' வைத்தியத்தின் மேல் எனக்கு இவ்வளவு கோபம்.

டி.எச்.சி.பி. என்பது என்ன? 1993இல் முதலில் வரையறுக்கப்பட்டு, 1997இல் ரால்ஃப் டிராம்ஸ் எழுதிய ஆவணத்தின் வழியாக இன்றுள்ள வடிவத்துக்கு வந்த ஒரு நடைமுறை. புதிதாக வரும் கருவிக்கு முகவரி இல்லை. சர்வர் எங்கே இருக்கிறது என்றும் அதற்குத் தெரியாது. ஆகவே வலையில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும்படி "யாராவது முகவரி தருவீர்களா" என்று கூவுகிறது. சர்வர் "இதோ இந்த முகவரி" என்று முன்வைக்கிறது. கருவி "அதையே எடுத்துக்கொள்கிறேன்" என்கிறது. சர்வர் "சரி, இத்தனை நேரத்துக்கு உனக்கு" என்று முடிக்கிறது. டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், அக் என்று நான்கே பேச்சுகள். முகவரி தானமாக வருவதில்லை, தவணைக்கு வருகிறது. தவணையில் பாதி கழிந்ததும் கருவி புதுப்பிக்கக் கேட்கும். எட்டில் ஏழு பங்கு கழிந்தும் பதில் இல்லையென்றால் எந்தச் சர்வரானாலும் சரி என்று கேட்கும். யாருமே பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் தானாக 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைப் போட்டுக்கொள்ளும்.

அந்த 169.254 ஒரு வாக்குமூலம். "கூவினேன், முகவரி கைக்கு வந்து சேரவில்லை" என்று கம்ப்யூட்டர் எழுதிக் கொடுத்த வாக்குமூலம். அதைப் படித்ததும் கேட்க வேண்டிய கேள்வி, நான்கு பேச்சுகளில் எது நின்றுபோனது என்பதுதான். நம் ஊர் வழக்கம் அந்தக் கேள்விக்கே இடம் தருவதில்லை.

சர்வரை அணைத்துப் போட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒழுங்கான டி.எச்.சி.பி. சர்வர், யாருக்கு எந்த முகவரி கொடுத்திருக்கிறது என்பதை வட்டில் எழுதி வைத்திருக்கிறது. திரும்ப எழுந்ததும் அதையே படிக்கிறது. முகவரிகள் தீர்ந்துபோனதால் பழுது வந்திருந்தால், எழுந்த பிறகும் அவை தீர்ந்தே இருக்கும். லினக்ஸ் சர்வரில் பதிவேட்டைத் திறந்தால் காலி முகவரி இல்லை என்று அதுவே எழுதி வைத்திருப்பதைப் பார்க்கலாம். அதைத் திறந்து பார்க்கும் பழக்கம்தான் இல்லை.

சிறிய ரூட்டரே சர்வராக இருக்கும் அலுவலகங்களின் கதி இதைவிட மோசம். மலிவான ரூட்டர்கள் பலவற்றில் இந்தக் கணக்கு தற்காலிக நினைவகத்தில் மட்டுமே இருக்கிறது. அணைத்தால் கணக்கு அழியும். எழுந்ததும் எல்லா முகவரியும் காலி என்று நினைத்துக்கொண்டு, ஏற்கெனவே ஒருவரிடம் இருக்கும் முகவரியை இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுக்கிறது. கேட்டவருக்கு உடனே ஐபி வந்துவிடுகிறது. "பார்த்தீங்களா, ரீஸ்டார்ட் பண்ணினா சரியாயிடுச்சு" என்கிறார்கள். அரை மணி கழித்துப் பக்கத்து அறையில் பிரிண்டர் விட்டுவிட்டு வேலை செய்யும். அந்தப் புகார் வேறு பழுதாகப் பதிவாகும், அதற்குத் தனி விசிட், தனி பில். கூடவே, பழுது எப்போது தொடங்கியது, யார் கேட்டார்கள், யாருக்கு மறுக்கப்பட்டது என்ற பதிவும் அந்த ஒரு சுவிட்சைத் தட்டியதில் போய்விட்டது.

"ஆனாலும் பல தடவை சரியாகிறதே" என்பார்கள். சரியாகிறது. ஏன் என்று பார்ப்போம். கொஞ்சம் விலை கூடிய சுவிட்சுகளில், புதிதாகக் கேபிள் உயிர்பெற்ற ஒவ்வொரு போர்ட்டும் வலையில் சுழற்சி உண்டாகாமல் இருக்க 30 விநாடி காத்திருக்கும். அந்த நேரத்தில் அது எதையும் கடத்தாது. இன்றைய கம்ப்யூட்டர் அதற்கு முன்பே எழுந்து, கூவி, பதில் வராமல் 169.254 போட்டுக்கொண்டுவிடும். விண்டோஸ் அதன்பின் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பக் கேட்டுப் பார்க்கும், அப்போது கிடைத்துவிடும். அந்த இடைவெளிக்குள் யாரோ சர்வர் அறைக்குப் போய் அணைத்துப் போட்டிருப்பார். பெருமை அவருக்குப் போகும். சர்வர் முதலிலிருந்தே நலமாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டர் செருகும் போர்ட்டுகளுக்கு அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்று சுவிட்சில் ஒரு வரி எழுதினால் இந்தப் பழுது திரும்ப வராது. எழுதாததால் ஒவ்வொரு காலையும் வருகிறது, ஒவ்வொரு காலையும் சர்வர் அடி வாங்குகிறது.

இந்த வைத்தியம் நேரடியாகத் தீங்கு செய்யும் இடமும் உண்டு. வைஃபை எட்டவில்லை என்று யாரோ வீட்டிலிருந்து ஒரு பழைய ரூட்டரைக் கொண்டுவந்து, தவறான துளையில் கேபிளைச் செருகி வைத்திருப்பார். அந்த ரூட்டரும் டி.எச்.சி.பி. சர்வர்தான். இப்போது கூவலுக்கு இரண்டு பேர் பதில் சொல்கிறார்கள். சிலருக்குச் சரியான முகவரி வருகிறது, சிலருக்குச் சம்பந்தமில்லாத முகவரி வருகிறது. இந்த நேரத்தில் உண்மையான சர்வரை அணைத்தால் களத்தில் மிஞ்சுவது அந்தக் கள்ள ரூட்டர் ஒன்றுதான். சர்வர் அணைந்திருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் கேட்ட அத்தனை கருவியும் அதனிடமே போய்ச் சேரும். முன்பு நான்கு பேருக்கு இருந்த பழுது இப்போது நாற்பது பேருக்கு. எந்த போர்ட்டிலிருந்து முகவரி வந்தால் ஏற்கலாம் என்று சுவிட்சுக்குச் சொல்லி வைக்கும் வசதி பெயர்பெற்ற மேனேஜ்டு சுவிட்சுகளில் இருக்கிறது. அதை இயக்கி வைத்திருக்கும் அலுவலகத்தை இந்த ஊரில் விரல் விட்டு எண்ணலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து, கையால் போடும் ஐபி. இதை நிலையானது என்று நம்புகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் போட்ட அந்த எண், சர்வர் பிறருக்குக் கொடுக்க வைத்திருக்கும் வரம்புக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? பெரும்பாலும் பதில் இருக்காது. "பிங் பண்ணிப் பார்த்தேன், யாரும் இல்லை, போட்டேன்" என்பார்கள். அப்போது அணைந்திருந்த கம்ப்யூட்டரின் முகவரியாக அது இருக்கலாம். அல்லது சர்வர் நாளைக்கு வேறொருவருக்குக் கொடுக்கப்போகும் முகவரியாக இருக்கலாம். கொடுத்ததும் அந்தக் கருவி "இது ஏற்கெனவே வேறொருவரிடம் இருக்கிறதே" என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பும். விண்டோஸ் சர்வர் அந்த முகவரியைக் கெட்ட முகவரி என்று குறித்து ஒதுக்கி வைக்கும். பிறகு இன்னொன்று. இப்படிக் கையால் போட்டது ஒவ்வொன்றும் வரம்புக்குள்ளிருந்து ஒரு முகவரியைத் தின்கிறது. முகவரி குறையக் குறைய இன்னும் சிலருக்குக் கிடைக்காமல் போகிறது. அவர்களுக்கும் கையால் போடப்படுகிறது. டி.எச்.சி.பி. நம்பத்தகாதது என்ற பெயர் இப்படித்தான் வந்தது. அதை நம்பத்தகாததாக ஆக்கியது நம் கை.

2023 டிசம்பர் வெள்ளத்தை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அப்படித் தண்ணீர் புகுந்த அலுவலகத்தில் ரூட்டர் போனால் புதிது வாங்கித்தான் ஆக வேண்டும். புதியது வேறு எண்வரிசையோடு வரும். தவணைக்கு முகவரி வாங்கும் கருவிகள் புதிய வரிசைக்குத் தாமாக மாறிக்கொள்ளும். கையால் போட்டவை ஒவ்வொன்றையும் தேடிப் போய், மேசைக்கு மேசை உட்கார்ந்து, பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணைத் தட்ட வேண்டும். எது எங்கே என்று எழுதி வைத்த தாள் இருந்தாலாவது பரவாயில்லை. நிலையானது என்று சொல்லப்பட்டது, நிலைமை மாறிய அன்றே முதலில் கழன்று நிற்கிறது.

எடைமேடைக் கம்ப்யூட்டர், கேமரா, பிரிண்டர், வருகைப் பதிவுக் கருவி இவற்றின் முகவரி மாறக்கூடாது என்பது நியாயமான வாதம். அதற்கு வழி சர்வரிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் பிறவியிலேயே பொறிக்கப்பட்ட மேக் எண் உண்டு. "இந்த எண் வந்து கேட்டால் இந்த முகவரியை மட்டுமே கொடு" என்று சர்வரில் முன்பதிவு செய்துவிடலாம். முகவரியும் மாறாது, கணக்கும் ஓரிடத்தில் இருக்கும், மோதலும் வராது. இருபது நிமிட வேலை. இதைச் செய்யாமல் 'எடைமேடைக்கு வேண்டுமே' என்று சொல்லி அலுவலகம் முழுக்கக் கையால் எண் போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

நம் யார்டுகளில் நான் அதிகம் சந்தேகப்படும் காரணம் ஒன்று உண்டு. அதை விரிவாகச் சொல்ல வேண்டும். "கரெக்டா கப்பல் வர்ற நேரத்துலதான் சர்வர் மக்கர் பண்ணும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ராசியில்லாத சர்வர் என்றே ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இதற்குக் கணக்கு இருக்கிறது. விண்டோஸ் சர்வரில் தவணை, நாம் மாற்றாத வரை, எட்டு நாள். யார்டு வலையில் கொடுக்க 150 முகவரி வைத்திருப்பதாகக் கொள்வோம். அலுவலகக் கருவிகள் 40 போக மீதம் 110. கட்-ஆஃபை ஒட்டி லாரிகள் வரிசை கட்டும். டிரைவர்கள் மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். கேட்டில் இருக்கும் வைஃபை ரகசியச் சொல்லை நல்ல மனதோடு யாராவது கொடுத்திருப்பார்கள். கொடுக்கத்தான் வேண்டும், வெயிலில் நிற்கிறவர்கள். நாளைக்கு 30 புது போன் சேர்ந்தால் நான்காம் நாளே முகவரி தீர்ந்துவிடும். போனோ ஒரு மணி நேரம் இருந்துவிட்டு மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ போய்விட்டது. அதன் முகவரி மட்டும் எட்டு நாள் இங்கே பூட்டிக் கிடக்கிறது. ஆண்டிராய்டு 10இலிருந்தும் ஐஓஎஸ் 14இலிருந்தும் போன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் வெவ்வேறு மேக் எண்ணைக் காட்டுகின்றன. ஒரே வலைக்கு மூன்று வைஃபை பெயர் வைத்திருந்தால் ஒரு போனே மூன்று முகவரியைப் பிடித்து வைக்க முடியும்.

ஆகவே கப்பல் நெருங்க நெருங்க முகவரி தீர்வது இயல்பு. சர்வருக்கு ராசியும் இல்லை, கோபமும் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். தினமும் ஓடும் கம்ப்யூட்டர்கள் பாதித் தவணையிலேயே புதுப்பித்துக்கொள்வதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. பத்து நாள் விடுப்பில் போய் வந்தவருடைய கம்ப்யூட்டருக்கோ புதிதாக வாங்கிய லேப்டாப்புக்கோதான் கிடைக்காது. "எல்லோருக்கும் வேலை செய்கிறது, இவருக்கு மட்டும் இல்லை, இவர் மெஷின்தான் கோளாறு" என்று ஃபார்மட் அடிக்கிறார்கள். ஃபார்மட் அடித்தாலும் வராது. கையால் ஐபி போடுகிறார்கள். வரம்பிலிருந்து இன்னொன்று போயிற்று. செய்ய வேண்டியது, விருந்தினர் வைஃபையைத் தனி வலையாகப் பிரித்து அதற்கு ஒரு மணி நேரத் தவணை வைப்பது. அவ்வளவே.

இந்தக் கடற்கரைக்கு இதைச் சொல்ல வேண்டியிருப்பதுதான் எனக்கு ஆற்றாமை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் யாரும் ஊகத்தின் மேல் குளிப்பை அறிவித்ததில்லை. முதலில் கடலடியில் சிப்பி படியும் பாருக்குப் போய் மாதிரிச் சிப்பி எடுப்பார்கள், எண்ணுவார்கள், வயது பார்ப்பார்கள், அதிலிருந்து கிடைத்த முத்தை மதிப்பிடுவார்கள். தேறும் என்றால்தான் அறிவிப்பு. பார்கள் ஏன் வறண்டன என்று ஜேம்ஸ் ஹார்னெல் போன்றவர்கள் பார் பாராக ஆராய்ந்து எழுதினார்கள். 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் 1973இல் தூத்துக்குடியிலிருந்த மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதை இறங்கிப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல.

வலையில் இறங்கிப் பார்ப்பது கடலில் இறங்குவதைவிட எளிது. வலையில் ஓடும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் இலவசம், லினக்ஸ் சர்வரில் டிசிபிடம்ப் போதும். 67, 68 என்ற இரண்டு போர்ட் எண்களை மட்டும் வடிகட்டி வைத்துவிட்டு, முகவரி வராத கம்ப்யூட்டரில் திரும்பக் கேட்கச் சொன்னால் போதும். கூவல் சர்வருக்கே வந்து சேரவில்லையா? பழுது வழியில்: கேபிள், சுவிட்ச், அல்லது வலையைப் பிரித்தவர் கூவலைக் கடத்தும் ரிலேயை அமைக்க மறந்திருக்கிறார். நம் ஊரில் முதலில் கேபிள் முனையைப் பாருங்கள். உப்புக் காற்றில் செம்பு பச்சை பூத்துப் போயிருக்கும். கூவல் வந்தும் சர்வர் வாய் திறக்கவில்லையா? முகவரி தீர்ந்திருக்கிறது, அல்லது அந்த வலைக்கு வரம்பே எழுதப்படவில்லை, அல்லது விண்டோஸ் டொமைனில் அந்தச் சர்வருக்கு அனுமதி கொடுக்கப்படவில்லை. சர்வர் முன்வைத்தும் கம்ப்யூட்டர் எடுக்கவில்லையா? பதில் வழியில் தடுக்கப்படுகிறது, அல்லது வேறு யாரோ முந்திக்கொண்டார்கள். யார் என்பதும் அந்தப் பாக்கெட்டிலேயே எழுதியிருக்கும். கேட்டும் மறுப்பு வருகிறதா? கருவி பழைய வலையின் முகவரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அல்லது இரண்டு சர்வர்கள் முரண்படுகின்றன. இவற்றில் எதற்குமே அணைத்துப் போடுவது மருந்தில்லை.

'நெட் இல்ல' என்ற புகாரையும் பிரித்துக் கேட்கப் பழக வேண்டும். 2018 மே மாதம், 13 பேர் உயிரைப் பறித்த துப்பாக்கிச் சூட்டை அடுத்து அரசு இந்த மாவட்டத்தில் இணையத்தை நாள்கணக்கில் நிறுத்தி வைத்தது. வெளி இணைப்பு அப்படி அறுந்து கிடக்கும்போதும் அலுவலகத்துக்குள் சர்வர் முகவரி கொடுக்கும், பிரிண்டர் அச்சடிக்கும், எடைமேடை பதியும். இணையம் இல்லாதது வேறு, முகவரி இல்லாதது வேறு. இரண்டுக்கும் ஒரே சர்வரை அடிப்பது நாம் பார்க்காமலே தீர்ப்புச் சொல்கிறோம் என்பதற்குச் சாட்சி.

"கப்பல் காத்திருக்காது, ஆராய நேரமில்லை" என்பது கடைசி வாதம். கட்-ஆஃபுக்கு அரை மணி நேரமே இருந்தால் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு வரம்புக்கு வெளியே ஒரு முகவரியைக் கையால் போடுங்கள். யார் போட்டது, எந்த எண், எந்தத் தேதி என்று எழுதி ஒட்டுங்கள். கப்பல் போனதும் எடுத்துவிடுங்கள். இதை நான் எதிர்க்கவில்லை. போட்டதோடு மறந்துவிடுவதைத்தான் எதிர்க்கிறேன். பாக்கெட்டைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். ஒவ்வொரு கட்-ஆஃபிலும் திரும்பத் திரும்ப இழக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் எது மிச்சம் என்று கணக்குப் போடத் தெரிந்த எவருக்கும் புரியும். "பதினைந்து கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சின்ன ஆபீஸ், எங்களுக்கு எதற்கு இதெல்லாம்" என்பவர்களுக்கு இன்னும் சுலபம். ரூட்டரின் பக்கத்திலேயே யார் யாருக்கு முகவரி போயிருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். அணைக்கும் முன் அதை ஒரு போட்டோ எடுத்து வைத்தாலே பாதிப் பழுது பிடிபடும்.

பழுது பார்க்க வரும் தம்பியைக் குறை சொல்லி இதை முடிக்க எனக்கு மனமில்லை. பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு வந்த பையன். இந்த நான்கு பேச்சுகளும் அவனுக்குப் பாடமாக இருந்திருக்கும். இன்றைக்கு எத்தனை இடம் முடித்தாய் என்றுதான் கடையில் கேட்கிறார்கள். என்ன கண்டுபிடித்தாய் என்று கேட்பதில்லை. கேட்க வேண்டியவர்கள் பணம் கொடுக்கும் முதலாளிகள். அடுத்த ஏ.எம்.சி. கையெழுத்தாகும்போது நான்கு விஷயங்களை அதில் எழுதச் சொல்லுங்கள்: பதிவேட்டைப் பிரதி எடுக்காமல் சர்வரையோ ரூட்டரையோ அணைக்கக் கூடாது, மாறாத முகவரிகள் எல்லாம் சர்வரில் முன்பதிவாகவே இருக்க வேண்டும், அந்தப் பட்டியலின் அச்சுப் பிரதி நம் அலுவலகத்தில் இருக்க வேண்டும், முகவரிப் பழுதுக்கான விசிட் ரிப்போர்ட்டில், நான்கில் எந்தப் பேச்சு நின்றது, ஏன் நின்றது என்ற இரண்டு வரி இல்லாவிட்டால் பில் பாஸாகாது.